மாகோனின் நகரில் ஒரு பகல்

களுவாஞ்சிக்குடிச் சந்தியில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மட்டக்களப்பு பஸ்ஸுக்காக நின்றோம். சேரின் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் தண்ணீர்ப் போத்தல், இரண்டு புட்டுப் பார்சல், அட்டை கழன்ற மட்டக்களப்பு மான்மியம். எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த பிரதி அது. சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்ற மனுசன், பயணம் போகும்போதும் பாடப்புத்தகம் இல்லாமல் போகமாட்டார்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் மெக்சிக்கோவில் எடுத்த ஒரு படம். சேரின் மகன் கனடாவில் இருக்கிறார். அங்கே குளிர்காலத்தில் மெக்சிக்கோவின் கடற்கரைக்குப் போய்வருவது வழக்கமாம். அப்படிப் போனவர், மாயர்களின் இடிந்த நகரமான சிச்சென் இட்சாவையும் பார்த்துப் படம் அனுப்பியிருந்தார். நான்கு பக்கமும் பக்கத்துக்குத் தொண்ணூற்றொரு படி, உச்சியில் ஒன்று, ஆக வருடத்துக்கு 365 என்று கணக்குப் பார்த்துக் கட்டிய கோபுரம். மாயர்கள் மர்மமாக மறைந்துபோன ஓர் இனம் என்று வழிகாட்டி சொன்னாராம். ஆனால் வாசலில் துணி விற்ற பெண்கள் தங்களுக்குள் பேசியது மாய மொழி என்றும் மகன் எழுதியிருந்தார்.

சேர் படத்தை என்னிடம் காட்டிவிட்டுச் சொன்னார்: "தம்பி, அவன் ஏழு கடல் தாண்டிப் போய் இடிஞ்ச நகரம் பார்த்திற்று வந்திருக்கான். நமக்கு இஞ்சயிருந்து நூற்றைம்பது கிலோமீற்றர்கூட இல்ல தோப்பாவெவ. நான் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பிச்சன். ஒருக்காவும் போய்ப் பார்க்கல்ல."

நானும் போனதில்லை. பொலன்னறுவையை எத்தனையோ முறை பஸ்ஸில் கடந்திருக்கிறேன். இறங்கியதில்லை.

சேரை எனக்கு எண்பதுகளிலிருந்து தெரியும். களுவாஞ்சிக்குடியில் அரசாங்க உத்தியோகம் பார்த்த நான்கு வருடமும் அவர் வீட்டுக்குப் பக்கத்து வளவில் வாடகைக்கு இருந்தேன். 1990 யூனில் சண்டை தொடங்கிய கிழமை மருதமுனைக்குப் போனவன், பிறகு பன்னிரண்டு வருடம் அந்தச் சந்தியில் கால் வைக்கவில்லை. சேரும் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. இருவரும் கோபித்துக்கொண்டதாக யாரும் சொல்லமுடியாது. வரமுடியாமல் போனது, அவ்வளவுதான்.

பஸ் வடக்கே ஓடியது. களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம். குருக்கள்மடத்தைக் கடக்கும்போது இருவரும் பேசவில்லை. 1990 யூலையில் இந்த வீதியால் வந்த முஸ்லிம் பயணிகள் இவ்விடத்தில்தான் விடுதலைப் புலிகளால் இறக்கப்பட்டார்கள். நான் அதை நினைத்தேன். சேர் அடுத்த மாதத்து வீரமுனையை நினைத்திருக்கக்கூடும். அங்கே பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களோடு என் சமூகத்து ஊர்காவலரும் நின்றார்கள். காத்தான்குடி வந்தபிறகுதான் சேர் வாயைத் திறந்தார். "களுவாஞ்சிக்குடியும் குடி, காத்தான்குடியும் குடி. ரெண்டு ஊருக்கும் வால் ஒண்டுதான்" என்றார்.

வாழைச்சேனை, ஓட்டமாவடி தாண்டினால் ஊர்கள் ஐதாகிக் காடு கிட்டவருகிறது. வெலிக்கந்தைப் பக்கத்தில் அழிஞ்சிப்பொத்தானை, கரப்பொல, முத்துக்கல் என்று மூன்று கிராமங்கள். முதலாவது முஸ்லிம்களுடையது, மற்ற இரண்டும் தமிழர்களுடையது. 1992 ஏப்ரல் கடைசியில் ஓர் இரவிலும் அதற்கடுத்த பகலிலும் மூன்றும் இரத்தக்களமாகின. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்தோம். 2007இல் புதிய பாலம் திறக்கும்வரை ரயிலும் பஸ்ஸும் இங்கே ஒரே பாலத்தில் மாறிமாறிப் போயின. ஆற்றுக்கு அப்பால் வயல், வாய்க்கால், பிறகு கதுருவெல. பழைய நகரம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

அரண்மனையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஏழு மாடி, ஆயிரம் அறை என்று சூளவம்சம் பாடுகிறது. இப்போது நிற்பது பத்தடி தடித்த செங்கற்சுவர்கள், அவற்றில் உத்திரம் செருகிய பொந்துகள். கல்விகாரையின் புத்தர்களைப் பார்த்தபோது இருவரும் நெடுநேரம் நின்றோம். படுத்த உருவம் மட்டும் 46 அடி. ஒரே பாறையிலிருந்து வெட்டியெடுத்த அந்த முகத்தின் அமைதியை ரசிக்க எந்த மார்க்கத்தவனுக்கும் தடையிருக்காது என்பது என் எண்ணம்.

இந்த நகரத்தைத் தலைநகராக்கியவர்கள் சோழர்கள். 993 அளவில் முதலாம் இராசராசனின் படை வந்தது. 1017இல் இராசேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். அநுராதபுரம் கைவிடப்பட்டு, பொலன்னறுவை சனநாதமங்கலம் என்று பெயர் பெற்றது. 1070இல் முதலாம் விசயபாகு சோழரைத் துரத்தினான், ஆனால் தலைநகரை மாற்றவில்லை. 1153இல் முடிசூடிய முதலாம் பராக்கிரமபாகு ஏறத்தாழ 14 கிலோமீற்றர் நீளக் கரைகட்டிச் சமுத்திரம் என்று பெயர் வைத்த குளம் இன்றும் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது.

அவன் முடிசூடி அடுத்த வருடம், 1154இல், சிசிலித் தீவில் அல் இத்ரீசி தன் பெரிய பூகோள நூலை முடித்தார். சரந்தீவு மன்னனுக்குப் பதினாறு மந்திரிகள், அவர்களில் நால்வர் அவனது சொந்த மார்க்கத்தவர், நால்வர் கிறிஸ்தவர், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர் என்று அதில் எழுதினார். நம்மவர்கள் இந்தச் செய்தியை மேடைகளில் சொல்லி மகிழ்வதுண்டு. நான் அதை அப்படியே நம்புகிறவனில்லை. இத்ரீசி இங்கே வந்தவரல்லர். கப்பல்காரர் சொன்னதையும் பழைய நூல்களில் இருந்ததையும் சேர்த்து எழுதியவர். நேரில் வந்த இப்னு பதூதா 1344இல் புத்தளத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உபசாரம் பெற்று, பாவா ஆதம் மலைக்குப் போனார். பொலன்னறுவைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் பார்க்க எதுவும் இருந்திருக்காது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே அரசிருக்கை இங்கிருந்து போய்விட்டது.

வடக்கு வாசலுக்குப் போகும் வழியில் வானவன் மாதேவி ஈசுவரம் இருக்கிறது. தொல்பொருள் திணைக்களத்தாருக்கு அது இரண்டாம் இலக்கச் சிவதேவாலயம். கருங்கல்லால் கட்டிய சிறிய கோயில். இங்குள்ள கட்டடங்களில் கூரைவரை சிதையாமல் முழுசாக நிற்பவை மிகச்சில, அவற்றில் இது ஒன்று. சேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் வெளியே சுவரைச் சுற்றிவந்து கல்வெட்டைத் தேடினேன். அதிராசேந்திரன் என்ற, சரித்திரத்தில் கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துபோன சோழனின் காலத்து எழுத்து அந்தச் சுவரில் இருக்கிறது. என்னால் ஓரெழுத்துக்கூடக் கூட்டி வாசிக்கமுடியவில்லை. கண்ணுக்குத் தமிழ்தான், வாய்க்கு வரவில்லை.

நான் முக்கியமாகப் பார்க்க வந்தது வேளைக்காரர் கல்வெட்டு. தலதா முற்றத்தில், விசயபாகு கட்டிய தந்த தாதுக் கோயிலான அட்டதாகேயின் பக்கத்தில் அந்தப் பலகைக்கல் நிற்கிறது. மொழி தமிழ். விசயபாகு இறந்தபிறகு பொறித்தது. புத்தரின் தந்த தாதுவைக் காப்பது எங்கள் பொறுப்பு என்று வேளைக்காரப் படையினர் செய்த சத்தியம் அதில் இருக்கிறது. இதே வேளைக்காரர்தான் விசயபாகு உயிரோடிருக்கும்போது சோழருக்கெதிராகப் போகமாட்டோம் என்று கிளர்ந்தெழுந்து அரண்மனைக்கு நெருப்பு வைத்தார்கள் என்று சூளவம்சம் சொல்கிறது. அடக்கப்பட்ட கலகக்காரர்களின் படைதான் பிறகு சிங்கள மன்னர்களின் ஆகப் புனிதமான பொருளுக்குக் காவல் நின்றது. கல்வெட்டு அவர்களை வகைபிரித்துச் சொல்கிறது: வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர்.

"மலையாளர்" என்ற சொல்லைச் சேர் இரண்டு தரம் சொன்னார். "இதைப் பிடிச்சு வைங்க தம்பி. பின்னால தேவைப்படும்."

கொஞ்சம் தள்ளி ஒரு மரநிழலில் புட்டுப் பார்சலைப் பிரித்தோம். மான்மியமும் வெளியே வந்தது.

1215இல் கலிங்க மாகன் இந்த நகரத்துக்கு வந்தான். சூளவம்சம் சொல்வதன்படி அவன் கொண்டுவந்த படை கேரளப் படை. பாண்டிய மன்னன் பராக்கிரமனைப் பிடித்துக் கண்ணைப் பிடுங்கினான். தாதுகோபங்களை உடைத்தான். ஏடுகளைக் கட்டிய கயிற்றை அறுத்து அங்குமிங்கும் வீசினான். மக்களின் வயலையும் மாட்டையும் வீட்டையும் பறித்துத் தன் கேரள ஆட்களுக்குக் கொடுத்தான். பொலன்னறுவையிலும் கந்தளாயிலும் மாந்தையிலும் மன்னாரிலும் இன்னும் பல இடங்களிலும் படை நிறுத்தி, இருபத்தொரு வருடம் ஆண்டான். பாளியில் எழுதிய பிக்குகளுக்கு அவன் பாவத்தின் உருவம். இலங்கைப் பள்ளிக்கூடங்களில் படித்த எல்லோருக்கும் அவன் பொலன்னறுவையை அழித்தவன். சேரும் அப்படித்தான் படிப்பித்திருக்கிறார்.

அதே ஆளை மான்மியம் மாகோன் என்கிறது. அங்கே அவன் அழிக்க வந்தவனல்லன். மட்டக்களப்புக்கு ஒழுங்கு செய்து கொடுத்த அரசன். கோயில்களுக்கு முறை வகுத்தவன், வன்னிமைகளை நியமித்தவன், யார் எந்தக் குடி, எந்தக் குடிக்கு என்ன வரிசை, என்ன மரியாதை என்று நிலைப்படுத்தியவன். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரத்தின் முறைகள் தொடக்கம் படுவான்கரை, எழுவான்கரைக் கோயில்களின் வண்ணக்கர் உரிமைவரை, அவன் பெயரைச் சொல்லாத மரபு குறைவு. முக்குவர் குடிகளில் ஒன்றின் பெயரே காலிங்கா குடி. இன்னொன்று படையாண்ட குடி.

மான்மியத்தைச் சரித்திரமென்று எடுத்துக்கொள்ள முடியாது. பல காலத்து ஏடுகள் ஒன்றோடொன்று கலந்த தொகுப்பு அது. ஆண்டுக்கணக்கு எங்கும் பொருந்தாது. ஒவ்வொரு சாதியும் தன் பெருமையை உள்ளே சொருகியிருக்கும். குடிமுறையை மாகன்தான் கொண்டுவந்தான் என்பதற்குக் கல்லில் சாட்சியில்லை. கேரளத்து மருமக்கள் தாயமும் நமது பெண்வழிக் குடிமுறையும் ஒன்றுக்கொன்று உறவு என்பதை மட்டும் யாரும் பெரிதாக மறுப்பதில்லை. மாகனோடுதான் கேரளத்தார் வந்தார்கள் என்றும் சொல்லமுடியாது. அவனுக்கு நூறு வருடத்துக்கு முன்னரே மலையாளர் இங்கே படையில் இருந்தார்கள் என்பதற்கு நாங்கள் சற்று முன் பார்த்த கல் சாட்சி. சேர் பிடித்து வைக்கச் சொன்னது அதற்குத்தான்.

அழித்தவனென்று ஒரு புத்தகம், அமைத்தவனென்று ஒரு புத்தகம். இரண்டும் ஒரே ஆள். சிச்சென் இட்சாவைப் பற்றிச் சேரின் மகன் எழுதியதைப் படித்தபிறகு நான் தேடி வாசித்ததில் ஒன்று ஞாபகம் வந்தது. 1562இல் தியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் மானி என்ற ஊரில் மாயர்களின் ஏடுகளைக் குவித்துக் கொளுத்தினார். அதே மனுசன் பிறகு எழுதிவைத்த குறிப்பில் மாய எழுத்துகள் சில இருந்தன. 1952இல் யூரி க்னோரசோவ் என்ற ரஷ்ய அறிஞர் அந்த எழுத்தின் பூட்டைத் திறக்கத் தொடங்கியது அவற்றை வைத்துத்தான். கொளுத்தியவனின் கையாலேயே சாவியும் வந்தது. மாகன் எதையும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. அவன் கயிறறுத்த ஏடுகளின் சொந்தக்காரர்கள் எழுதியதைக் கொண்டுதான் அவனை அறிகிறோம்.

"தம்பி, நீங்க என்ன குடி?" சேர் திடீரென்று கேட்டார். நாற்பது வருடப் பழக்கத்தில் அவர் இதைக் கேட்டதில்லை.

"வரிசைநாச்சி குடி" என்றேன். நான் பிறந்தது அக்கரைப்பற்று. உம்மாவின் குடி அது, ஆகவே என் குடியும் அது. வாப்பாவின் குடி வேறு. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கட்டிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போகவேண்டும். நான் மருதமுனைக்கு வந்தது அப்படித்தான். பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருந்தார். குடிக்கு மரைக்கார் சொன்னால் சொன்னதுதான். கோயிலில் வண்ணக்கர் எப்படியோ பள்ளியில் மரைக்கார் அப்படி. கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் முக்குவர் சட்டத்தை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது தாய்வழிச் சொத்துமுறை அங்கே ஒரு சாதியின் வழக்கமாகப் பதிவாகியது. ஆனால் அதன் சாயல் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் எழுபதுகளில் அக்கரைப்பற்றில் தங்கியிருந்து, தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் இந்த ஒற்றுமையை ஆராய்ந்து, 2008இல் பெரிய புத்தகமாக்கினார்.

எப்படி வந்தது? முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முக்குவருக்கு உதவிய முஸ்லிம்களுக்கு முக்குவப் பெண்களை மணம்முடித்துக் கொடுத்ததாக ஏறாவூர்ப் பக்கம் கதை சொல்வார்கள். போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்கள் நாலாயிரம் பேரை 1626இல் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது எழுத்தில் உள்ள செய்தி. வந்தவர்கள் இங்குள்ள பெண்களைக் கட்டியிருப்பார்கள். பெண்ணின் வீட்டுக்கு வந்தவன் பெண்ணின் முறைக்கும் வந்துவிடுகிறான். மார்க்கம் ஆணின் வழியாக வந்தது, வீடும் குடியும் பெண்ணின் வழியாக நின்றது.

இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு கூச்சம் இருந்தது. குடி பார்ப்பது இஸ்லாத்தில் இல்லை என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். மனிதரை வரிசைப்படுத்துகிற மட்டில் அவர்கள் சொல்வது சரி. பல ஊர்களில் மரைக்கார் முறை போய், நிர்வாக சபையைத் தெரிவுசெய்யும் வழக்கம் வந்துவிட்டது. அதற்கு நான் கவலைப்படவில்லை. வீடு மகளுக்கு என்பதும் அவ்வளவு சுகமான ஏற்பாடல்ல. எனக்கு இரண்டு பெண்மக்கள். இரண்டு வீடு கட்டிமுடிப்பதற்குள் என் உத்தியோகக் காலம் முடிந்தது. இப்போது நான் இருப்பது மூத்த மகளின் வீடு, உறுதியில் என் பெயர் இல்லை. வீடில்லாமல் மகள் வீட்டில் பாய் விரிக்கும் வாப்பாமார் எங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணினால் கைவிரல் போதாது. ஆனால் தலாக் சொல்லப்பட்ட ஒரு பெண்ணை வீட்டைவிட்டு வெளியேற்றியதை நான் எங்கள் ஊரில் கண்டதில்லை. வெளியேறுகிறவன் ஆண்தான், ஏனென்றால் வீடு அவளுடையது. இந்த ஒன்றுக்காக, யார் கொண்டுவந்திருந்தாலும் அவனுக்கு நான் சலாம் சொல்லத் தயார்.

"உங்கட பிள்ளைகள் என்ன குடி?" என்றார் சேர்.

பதில் என்னிடம் இல்லை. பிள்ளைகளின் குடி மனைவியின் குடி. கலியாணம் பேசிய பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். முப்பத்தைந்து வருடத்தில் நான் ஒருநாளும் கேட்கவில்லை. அங்கே இருந்தபடியே வீட்டுக்குப் போன் எடுத்தேன். "தோப்பாவெவக்குப் போய் நின்றுகொண்டா இதைக் கேக்கிறீங்க?" என்று மனைவி சிரித்தாள். அவளுக்கும் நிச்சயமில்லை. பெரியும்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

மாகனோடு இந்த நகரம் ஒரே நாளில் செத்துவிடவில்லை. அவனுக்குப் பிறகும் தம்பதெனியாவிலிருந்து நான்காம் விசயபாகு வந்து பழுது பார்த்தான். மூன்றாம் பராக்கிரமபாகு 1287 முதல் 1293 வரை இங்கிருந்தே ஆண்டான். பிறகுதான் வெறிச்சோடியது. காரணத்தைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். படையெடுப்பு, மலேரியா, குளங்களைப் பராமரிக்கும் ஆட்சியமைப்புக் குலைந்தது என்று பல சொல்கிறார்கள். கா. இந்திரபாலா 1971இல் இந்த வாதங்களை ஒரு நூலாகத் தொகுத்தார். மாயர்களின் திக்கால் நகரத்துக்கும் ஆறு கிடையாது. மழையைத் தேக்கிய குளங்களை நம்பி வாழ்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் மழை பொய்த்தபோது, சண்டைகளும் சேர்ந்துகொள்ள, அதுவும் காலியாயிற்று. அங்கும் மனிதர்கள் மறையவில்லை. வேறிடத்துக்குப் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பல இலட்சம் பேர் குவாத்தமாலாவிலும் யுக்கட்டானிலும் அதே மொழிகளைப் பேசுகிறார்கள்.

1820இல் ஃபேகன் என்ற ஆங்கில லெப்டினன்ட் இந்தக் காட்டுக்குள் வந்து பார்த்துத் தோப்பாரி என்று எழுதிவைத்தார். எச்.சி.பி. பெல் தொல்பொருள் ஆணையாளராக இருந்தபோது காட்டை வெட்டித் துப்புரவாக்கினார்கள். 1907, 1908இல் சிவதேவாலயங்களின் மண்ணுக்குள்ளிருந்து நடராசரும் சுந்தரரும் வெண்கலத்தில் எழுந்துவந்து கொழும்பு நூதனசாலைக்குப் போனார்கள். சேருக்கு அந்தச் சிலைகள் இங்கேயே இருந்திருக்கவேண்டும் என்று ஒரு மனத்தாங்கல். பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது விளங்கும் என்பது என் சந்தேகம். கொஞ்சநேரம் இதில் வாக்குவாதப்பட்டோம்.

லுஹர் தவறிப்போகும் என்று கதுருவெலவுக்குத் திரும்பினோம். அங்கே முஸ்லிம் கடைகள் நிறைய. நான் தொழுதுவிட்டு வரும்வரை சேர் பள்ளிக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் வந்ததும், "இவங்கட முப்பாட்டனும் மட்டக்களப்புத்தானாம்" என்றார். என்ன குடி என்று கேட்டாரா என்று கேட்டேன். கேட்டாராம். கடைக்காரருக்கு அந்தச் சொல்லே புரியவில்லையாம். குடித்தனமா என்று கேட்டாராம்.

திரும்பும் பஸ்ஸில் சேர் மான்மியத்தை மடியில் வைத்தபடியே தூங்கிவிட்டார். குருக்கள்மடம் தாண்டும்போது இருட்டிவிட்டது. தேற்றாத்தீவுப் பக்கம் வரும்போது போன் அடித்தது.

"பெரியும்மாக்குத் தெரியுமாம்" என்றாள் மனைவி. "ஆனா ஆர் கேக்கிற, எந்த மாப்பிள்ளைக்குப் பேசுறீங்கண்டு சொல்லாம வாய் திறக்கமாட்டாவாம். நாளைக்கு நீங்களே வந்து கேக்கட்டுமாம்."